பதினாலு இடம்

கழனிவாசல் தாண்டி, கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கம்,
இரவு ஒன்றே காலுக்கு
பதினொன்றாம் இயந்திரமும் பன்னிரண்டாம் இயந்திரமும்
ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்தன.
எண் வாடகைக்கு விடும் சர்வர்
இரண்டையும் ஒரே ஆள் என்றே நினைத்திருந்தது.
ஒன்று பேசினால் மற்றது அறுந்தது.
முப்பத்திரண்டு பேர் பங்கிட்டுப் போட்ட கணக்கு
காலையில் ஆராய்ச்சி மாணவனுக்கு வேண்டும்.
பேட்டரிக்குள் லித்தியம் எங்கே போகிறது என்ற கணக்கு.

பழைய நிரலைத் திறந்தேன்.
எனக்கு முன் இருந்தவர் எழுதியது, பெயர்கூடப் போடவில்லை.
கர்னலிடம் ஒரே கேள்வி கேட்கிறது:
உன் கார்டின் பிறவி எண் என்ன?
கர்னல் பதில் எழுத
ஒரு பெட்டி நீட்டுகிறது, பதினாலு இடம்.
கார்டின் எண்ணோ இருபது.

எண்பது, சைபர், சைபர், நாற்பத்தெட்டு,
எஃப்-ஈ, எண்பது,
பிறகு சைபர் சைபர் சைபர் என்று
ராமநாதபுரம் ரோடு மாதிரி ஒரு பொட்டல்,
கடைசியில் கம்பெனியின் முத்திரையில் பாதி.
அதோடு பெட்டி தீர்ந்தது.
இவன் வேறு, அவன் வேறு என்று சொல்வது
வெளியே நின்ற அந்த ஆறு.

வெட்டியதற்குக் கோபமில்லை.
வெட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே.
ஆறே போதும் என்றிருந்த நாளில்
பதினாலு என்பது ஊதாரித்தனம்.
அளவெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.
கையேட்டின் அடியில், 'குறைகள்' என்ற தலைப்பில்,
யாரும் போகாத இடத்தில்
ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் டீசல் எழுத வந்த சாத்தப்பன்
திரையை எட்டிப் பார்த்தார்.
"என்ன ஜெசிந்தா மேடம், எல்லாம் ஒரே பேரா இருக்கு?"
சொன்னேன். சிரித்தார்.
"மாத்தூர் கோயில், உறையூர்ப் பிரிவுன்னு சொல்லி நிறுத்துனா
மண்டபத்துல பாதிப்பேரு எந்திரிப்பாக.
எங்க பங்காளியில மட்டும் மூணு சாத்தப்பன்.
விலாசம் முன்னால, பேரு கடைசியில.
பேங்க்காரன் பெட்டியில இடம் பத்தல.
மெ. சித. பழ. அரு. எல்லாம் பத்திரமா இருக்கு,
நான் மட்டும் 'சாத்து'.
கவுண்டர்ல கூப்பிட்டாக,
ஒருத்தர் எந்திரிச்சுக் கதவைச் சாத்திட்டாரு."

சாத்து என்றால் வணிகக் கூட்டம் என்று
எங்கோ படித்த ஞாபகம்.
சொல்லவில்லை. அவர் டீசலை அளக்கப் போய்விட்டார்.

பெட்டியை அகலப்படுத்தலாமே என்று
எனக்கும் கை துறுதுறுத்தது.
முடியாது. அந்த அளவை நம்பி
எத்தனை நிரல்கள் கண்ணை மூடிக்கொண்டு
பதினாலு எட்டு வைத்துத் திரும்புகின்றன.
ஓரடி நகர்த்தினால்
அடுத்தவன் சோற்றில் கை வைக்கும்.

பக்கத்தில் இன்னொரு வாசல் வைத்திருந்தார்கள்.
அங்கே ஒவ்வொரு செய்தியும்
முதலில் தன் நீளத்தைச் சொல்கிறது,
பிறகுதான் வாயைத் திறக்கிறது.
நாற்பத்தேழு வரி. மூன்று தடவை தப்பு,
ஒரு தடவை நானே இருபதைப் பதினாறென்று அடித்தேன்.
மூன்றே முக்காலுக்கு
இருபதும் வந்து நின்றது, வால் அறுபடாமல்.
பதினொன்றுக்கு ஓர் எண். பன்னிரண்டுக்கு வேறு எண்.
விசிறிகள் ஒரே மூச்சில் இரைந்தன.

பழைய நிரலை அழிக்கவில்லை.
வருகைப்பதிவு மெஷின் இன்னும் அதைத்தான் கேட்கிறது,
அதன் கார்டுக்கு ஆறே இடம், அதற்கு அது உண்மை.

சாத்தப்பன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்,
விலாசம் முழுக்க, புள்ளி ஒன்றுகூட விடாமல்.
கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
'லிட்டர்' என்ற இடத்தில் போய்
'ப்பன்' உட்கார்ந்தது.
"லிட்டரை எங்க எழுத?" என்றேன்.
பேனாவை என்னிடம் நீட்டினார்.